ஏ.டி.எம். கார்டைப் போன் உறைக்குள் வைக்காதீர்கள்

கேள்வி: திருச்சியில் பெயின்ட், பைப் கடை வைத்திருக்கிறேன். வயது 46. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கல்யாணம். முடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்து இறங்கினால் சட்டைப் பையில் போன் இல்லை. ஏ.டி.எம். கார்டும் ஆதார் அட்டையும் போன் உறையின் மடிப்பில்தான் இருந்தன. பர்ஸில் 60 ரூபாய். பக்கத்தில் நின்றவர், "யாருக்காவது பேசணுமா?" என்று தன் போனை நீட்டினார். கல்யாணமாகி 19 வருடம் ஆகிறது, என் மனைவியின் நம்பர் எனக்குத் தெரியவில்லை. ஞாபகத்தில் இருந்தது எப்போதோ சரண்டர் செய்த லேண்ட்லைன் நம்பர் மட்டும். நல்லவேளையாக எங்கள் தெருக்காரர் ஒருவர் அங்கே வந்தார். அவர்தான் டிக்கெட் எடுத்து அழைத்து வந்தார். திங்கள் காலை அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினேன். செவ்வாய் காலை வரை ஒரு ஓ.டி.பி.கூட வரவில்லை. ஜிமெயிலைத் திறந்தால், பழைய போனில் 'ஆம்' என்று அழுத்தச் சொன்னது. கடன் கணக்கு ஆப்பில் 70 பேருடைய பாக்கி இருந்தது. அதைத் திறக்க நான்கு நாள் ஆயிற்று. கடையில் பணம் வாங்கும் சவுண்ட் பாக்ஸ் மட்டும் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தது. "போன் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் மூச்சு விடக்கூடத் தெரியாதுடா" என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரிதானா? பேசாமல் பட்டன் போனுக்கே மாறிவிடட்டுமா?

பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அப்பா சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். பட்டன் போனுக்கு மாற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே இதற்கான விடை ஒரு வரியில் இருக்கிறது: சவுண்ட் பாக்ஸ் பேசிக்கொண்டே இருந்தது. அதுவும் முழுக்க முழுக்கத் தொழில்நுட்பம்தான். ஆனால் அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்தது, உங்கள் போனோடு அல்ல. போன் தொலைந்ததே அதற்குத் தெரியாது. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் ஒரே ஆணியில் மாட்டியிருந்தீர்கள். ஆணி பிடுங்கிக்கொண்டதும் எல்லாம் சேர்ந்து விழுந்தது. நீங்கள் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறீர்கள் என்பது இந்த விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அது நின்றால் போக இன்னொரு வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறேன். உங்களுக்கு ஒன்றுகூட இல்லை.

முதலில், புது சிம் வந்த பிறகும் ஏன் ஒரு நாள் கை கட்டப்பட்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பலர் இதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்கள். அடுத்தவர் பெயரில் போலி ஆவணம் கொடுத்து மாற்று சிம் வாங்கி, வரும் ஓ.டி.பி.யை வைத்துக் கணக்கைத் துடைக்கும் மோசடி பெருகியதால், சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் அந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். வரவும் கூடாது, அதிலிருந்து போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது. உண்மையான உரிமையாளருக்கு, தன் சிம் செத்துப்போனதைக் கவனித்துப் புகார் கொடுக்க அந்த ஒரு நாள் அவகாசம். நல்ல ஏற்பாடு, ஆனால் போனைத் தொலைத்தவருக்கும் அதே பூட்டுதான்.

யு.பி.ஐ. ஆப் இதில் இன்னொரு விதத்தில் மாட்டும். புதுப் போனில் ஆப்பைப் போட்டதும் அது உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். 'இந்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது' என்று வங்கி பக்கம் பதிவாவது அந்த ஒரு செய்தியால்தான். போகும் எஸ்.எம்.எஸ்.ஸும் அடைபட்டிருப்பதால், வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்த நாள் ஆப் பதிவாகாது. பதிவான பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. யு.பி.ஐ. பின்னைப் புதிதாகப் போட வேண்டியிருந்தால் ஏ.டி.எம். கார்டின் கடைசி 6 எண்ணும் காலாவதித் தேதியும் வேண்டும். இல்லாவிட்டால் ஆதார் ஓ.டி.பி. வேண்டும். உங்கள் கார்டோ போனோடு போய்விட்டது.

இந்த ஒரு நாளில் திறந்திருக்கும் கதவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அழைப்புகள் வரும், போகும். ஆகவே வாட்ஸப்பை அன்றே எடுத்துவிடலாம்: எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் குரல் அழைப்பில் குறியீடு கேட்கும் வழி அதில் உண்டு. வங்கிக் கிளையில் பாஸ்புக்கையும் பணம் எடுக்கும் சீட்டையும் கொடுத்துப் பணம் வாங்கலாம். அதற்கு எந்தப் போனும் வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

இன்றைக்கே, இந்தப் பதிலைப் படித்து முடித்ததும், போன் உறையிலிருந்து புதுக் கார்டை எடுத்துப் பர்ஸில் வையுங்கள். உறை மடிப்பில் கார்டு வைக்கும் பழக்கம் இப்போது ஊர் முழுக்க இருக்கிறது. போன் போனால் துணைக்கு நிற்க வேண்டியது கார்டு. அதையே போனோடு கட்டி வைத்தால் எப்படித் துணைக்கு வரும்? ஏ.டி.எம்.மில் கார்டும் பின்னும் இருந்தால் பணம் வரும். எஸ்.பி.ஐ. ஏ.டி.எம்.மில் எஸ்.பி.ஐ. கார்டைப் போட்டு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் மட்டும் ஓ.டி.பி. கேட்கும், அதற்குக் கீழே பின் போதும். இது தெரியாமல் 10,000 அழுத்தி, 'கார்டும் வேலை செய்யவில்லை' என்று திரும்புகிறவர்கள் உண்டு. கார்டு பின் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். ஒரு வருடமாக ஏ.டி.எம். பக்கமே போகாதவர்களில் பலருக்கு யு.பி.ஐ. பின்தான் நினைவிருக்கிறது, கார்டு பின் மறந்துவிட்டது. மாதம் ஒரு முறை 500 ரூபாயாவது கார்டில் எடுங்கள்.

பர்ஸின் உள் அறையில் 2,000 ரூபாய் நிரந்தரமாக இருக்கட்டும். நான்கு 500 ரூபாய் நோட்டாக வேண்டாம். இரண்டு 500, எட்டு 100, நான்கு 50 என்று வையுங்கள். அவசரத்தில் பஸ்ஸிலும் டீக்கடையிலும் 500 ரூபாய்க்குச் சில்லறை கிடைக்காது. இது போன் தொலைவதற்கு மட்டுமான ஏற்பாடு இல்லை. 2025இல் மார்ச் 26ஆம் தேதியும் ஏப்ரல் 12ஆம் தேதியும் நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறியது. போன், சிம், சார்ஜ் எல்லாம் சரியாக இருந்தவர்களும் கல்லாவின் முன்னால் நின்றார்கள்.

மனைவியின் பெயரில் வேறொரு வங்கியில், அவர் நம்பரோடு இணைந்த கணக்கு ஒன்று இருக்கட்டும். அதில் வீட்டுச் செலவு ஒரு வாரத்துக்கு ஓடுகிற அளவு போதும். ஒரே வங்கியில் ஒரே நம்பரோடு இரண்டு கணக்கு வைத்திருப்பதால் இந்த விஷயத்தில் பயன் இல்லை.

சிம்முக்கு ஒரு பூட்டு

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு ஆபத்து எனக்கு அதிகக் கவலை தருகிறது. உங்கள் போனுக்கு விரல் ரேகைப் பூட்டு இருந்திருக்கும். எடுத்தவனால் போனைத் திறக்க முடியாது. ஆனால் ஒரு குண்டூசியால் சிம் தட்டை வெளியே இழுத்து, சிம்மை வேறொரு போனில் போட்டால் அது அப்படியே வேலை செய்யும். உங்களுக்கு வருகிற ஓ.டி.பி. எல்லாம் அங்கே போகும். போனின் பூட்டுக்கும் சிம்முக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் விஷயத்தில் இன்னும் மோசம், ஏ.டி.எம். கார்டும் கூடவே போயிருக்கிறது. அந்த ஞாயிறு இரவில் பணம் போகாதது அதிர்ஷ்டம்தான்.

இதற்குத் தடுப்பு சிம் பின். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், தேடும் கட்டத்தில் 'சிம் லாக்' என்று தேடுங்கள். பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்துக்குள் 'சிம் பின்' என்று இருக்கும். அதை இயக்கினால் முதலில் பழைய பின்னைக் கேட்கும். நீங்கள் எதுவும் வைத்திருக்க மாட்டீர்கள். சிம் நிறுவனம் வைத்த ஒரு பின் ஏற்கெனவே இருக்கும். இங்கேதான் தப்பு நடக்கிறது. 0000, 1234 என்று குத்துமதிப்பாக அடித்துப் பார்க்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு அதைத் திறக்கும் 8 இலக்க 'பக்' (PUK) எண்ணைக் கேட்கும். அந்த எண்ணையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். புது சிம், மறுபடி 24 மணி நேரம். எனவே முதலில் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து ஆரம்பப் பின் என்ன, என் பக் எண் என்ன என்று இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பின்னை இயக்கி, உங்கள் சொந்த 4 இலக்கத்துக்கு மாற்றுங்கள். போனை அணைத்து மறுபடி போட்டுச் சோதியுங்கள்: திரை திறக்கும் முன்போ பின்போ சிம் பின் கேட்டால் வேலை முடிந்தது. தினமும் கேட்காது, போனை அணைத்துப் போடும்போது மட்டும்தான்.

அதோடு, பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரிவதை நிறுத்துங்கள். போனைத் திறக்காமலே ஓ.டி.பி. மேலே மின்னினால் பூட்டு எதற்கு?

இன்னொன்று: அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது? தம்பி பெயரிலோ, காலமான மாமா பெயரிலோ வாங்கிய சிம்மை பத்து வருடமாகப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். தொலையும் வரை தெரியாது. தொலைந்ததும் மாற்று சிம் உங்களுக்குக் கிடைக்காது, யார் பெயரோ அவர் வர வேண்டும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். வீட்டில் ஒவ்வொருவருடைய நம்பரையும் அவரவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

ஜிமெயில் ஏன் பழைய போனையே கேட்டது?

கூகுள் கணக்கில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இயங்கியிருக்கிறது. அது நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் அதை இயக்கும்போது 'காப்புக் குறியீடுகள்' என்று ஒரு பக்கம் தந்திருக்கும். கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால் இப்போதும் எடுக்கலாம். 8 இலக்கத்தில் பத்து எண்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை செல்லும். எந்தப் போனிலிருந்தும், சிம் இல்லாமல், கடவுச்சொல்லோடு அதில் ஒன்றைக் கொடுத்தால் உள்ளே விட்டுவிடும். அந்தப் பத்தையும் தாளில் அச்செடுத்து பீரோவில், பத்திரங்களோடு வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனிலேயே சேமித்தால் பிரயோசனம் இல்லை. புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாமல் போகும். பீரோவில் இருக்கும் தாளை அன்றே மாற்ற வேண்டும். மீட்பு நம்பராக மனைவியின் நம்பரைக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் சொந்த நம்பரையே மீட்பு நம்பராகவும் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பர் தொலைந்த அன்றைக்குத்தான் மீட்பே தேவைப்படுகிறது என்பதை யோசிப்பதில்லை.

வாட்ஸப்பில் 6 இலக்கப் பின் வைத்திருந்தால் அதில் மின்னஞ்சல் முகவரியும் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முகவரி இல்லாமல் பின்னை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும்.

கடன் கணக்குக்கு வருகிறேன். 70 பேர் பாக்கி என்பது உங்கள் முதல். அது ஒரு ஆப்பில், ஒரு நம்பரின் ஓ.டி.பி.க்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது. ஆப்பை விட வேண்டாம். கூட்டல் தப்பாது, நினைவூட்டல் போகும், நோட்டை விட நல்லது. ஆனால் சனிக்கிழமை கடை சாத்தும் முன், முழுப் பாக்கிப் பட்டியலையும் பி.டி.எஃப். ஆக இறக்கி மனைவியின் வாட்ஸப்புக்கு அனுப்புங்கள். மாதம் ஒரு முறை அச்செடுத்து வீட்டில் வையுங்கள், கடையில் வேண்டாம். கடையில் தண்ணீர் புகுந்தால் கணினியும் தாளும் சேர்ந்து நனையும். பட்டியலில் பெயர், போன் நம்பர், பாக்கி, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று ஒரு தடவை சரிபாருங்கள். சில ஆப்களில் இறக்கும்போது மொத்தத் தொகை மட்டும்தான் வரும். யார் யார் என்பது வராது. திறந்து பார்க்காத காப்புப் பிரதியை நம்ப முடியாது. அப்பா காலத்துக் கடன் நோட்டும் இதே நிலைதான்: ஒரே நோட்டு, அது கரையான் அரித்தால் வியாபாரமே போச்சு. ஒன்றையே நம்பியிருக்கும் பழக்கம் போனோடு வந்ததில்லை.

ஒரு சீட்டு

விசிட்டிங் கார்டு அளவில் ஒரு கெட்டி அட்டையை எடுங்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா வேண்டாம், வேர்வையில் கரைந்து மையாகிவிடும். முன்பக்கம் நான்கு நம்பர்கள்: மனைவி, அப்பா, ஒரு நண்பர், கடை. ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள். பதற்றத்தில் பத்து எண்ணைத் தொடர்ந்து படித்தால் ஒன்று விட்டுப்போகும். பின்பக்கம் உங்கள் சிம் நிறுவனத்தின் சேவை எண், வங்கியின் கார்டு முடக்கும் எண், இணையப் பண மோசடிக்கான புகார் எண் 1930, ரத்த வகை, எடுத்துக்கொள்ளும் மருந்து. உங்கள் நிறுவனத்துக்கு வேறு நிறுவன போனிலிருந்து அழைக்க வேண்டிய எண் தனி. சுருக்க எண் பல சமயம் அதன் சொந்த நெட்வொர்க்கில்தான் வேலை செய்யும். எனவே பத்து இலக்க எண்ணைத் தேடி எழுதுங்கள். பின், கடவுச்சொல் எதையும் இதில் எழுதக் கூடாது, மாற்றி மறைத்தும் எழுதக் கூடாது. அட்டையை செலோடேப்பால் இரு பக்கமும் ஒட்டிப் பர்ஸில் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒன்று, பள்ளிக்குப் போகிற பிள்ளையின் பைக்கும் ஒன்று.

போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் வீட்டில் ஒரு இடத்தில் எழுதுங்கள். *#06# அழுத்தினால் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்.

மறுபடி தொலைந்தால் முதல் ஒரு மணி நேரம் இப்படிப் போகட்டும். பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி முதலில் உங்கள் நம்பருக்கே அழையுங்கள். கண்டக்டரோ நல்ல மனிதர் ஒருவரோ எடுக்கலாம். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை, அல்லது அணைத்திருக்கிறது என்றால், உடனே சிம்மை முடக்கச் சொல்லுங்கள். சிம்மை முடக்கினால் போனில் டேட்டா போய்விடும், அப்புறம் இருக்குமிடம் காட்டாதே என்று தயங்குகிறார்கள். பணம் பெரிதா போன் பெரிதா என்று பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை: முடக்குங்கள். அடுத்து வங்கி, கார்டும் யு.பி.ஐ.யும் இரண்டும் நிற்க வேண்டும். ஒன்றை முடக்கினால் மற்றது நிற்காது. பணம் போயிருந்தால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கவனக்குறைவே காரணம் என்றாலும், வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு நடக்கும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்கிறது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. எனவே நீங்கள் அழைத்த நேரத்தைக் குறித்து வைப்பது முக்கியம். காவல் நிலையப் புகார் மறுநாள் போதும். அதன் ரசீதும் மாற்று சிம்மும் கையில் வந்த பிறகு, சஞ்சார் சாத்தியில் அந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம், அப்புறம் எந்த சிம்மைப் போட்டாலும் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது.

பட்டன் போன்

மாற வேண்டாம் என்றேன். ஒன்று வாங்கி வையுங்கள் என்கிறேன். 4ஜி பட்டன் போன், வேறு நிறுவனத்தின் சிம், வீட்டில் இருக்கும். உங்கள் நம்பரைப் பட்டன் போனுக்கு மாற்றினால் ஆணி மாறும், எண்ணிக்கை மாறாது. இரண்டாவதாக ஒன்று இருந்தால்தான் பயன். உங்கள் போன் உடைந்தால் சிம்மை எடுத்து அதில் போட்டால் ஓ.டி.பி. அப்படியே வரும்; அதே சிம் என்பதால் 24 மணி நேரத் தடையும் இல்லை. இணையம் இல்லாமலும் அதில் *99# அழுத்தி, வங்கியில் பதிவான நம்பரிலிருந்து 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். பட்டன் போனுக்கென்றே குரல் வழியில் இயங்கும் யு.பி.ஐ. 123பே 2022 மார்ச்சில் வந்தது. இரண்டையும் ஒரு முறை 10 ரூபாய் அனுப்பிப் பழகிப் பாருங்கள்.

அந்த சிம்மைச் சும்மா போட்டுவைக்காதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படலாம். பிறகு அந்த நம்பர் வேறு யாருக்காவது போகும். அந்த நம்பர் உங்கள் வங்கியில் பதிவாகியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டு, ஒரு அழைப்பு பேசுங்கள்.

மழைக்கால ஏற்பாடு ஒன்று, சுருக்கமாக. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தபோது தூத்துக்குடி மாவட்டத்தில் மின்சாரமும் சேர்ந்து போனது, சிக்னலும் போனது. செல் கோபுரம் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், பிறகு டீசல் ஜெனரேட்டரில். டீசல் வண்டி போகப் பாதை இல்லையென்றால் கோபுரம் நின்றுவிடும். அப்போது முழு சார்ஜ் உள்ள போனும் டார்ச் லைட்தான். ஆகவே பவர் பேங்கை மட்டும் நம்பாதீர்கள். பணமும் சீட்டும் முதலில். பவர் பேங்க் வாங்கினால் கணக்கு இது: 10,000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 37 வாட் மணி. மாற்றத்தில் கொஞ்சம் வீணாகி 30 வாட் மணி அளவுதான் வெளியே வரும். 5,000 எம்.ஏ.எச். போனை நிரப்ப 19 வாட் மணி வேண்டும். ஒன்றரைத் தடவைதான். 'இரண்டு தடவை வரும் என்றார்களே' என்று கடைக்காரரைக் கோபிக்க வேண்டாம்.

இப்போது அப்பா.

அவர் சரி என்று நான் சொல்கிற பாதி, மனைவியின் நம்பர். கணினி சேமித்துக்கொள்ளும் என்று தெரிந்தால் மனிதர்கள் விஷயத்தை விட அது எங்கே இருக்கிறது என்பதையே நன்றாக நினைவில் வைக்கிறார்கள் என்று உளவியலாளர் பெட்ஸி ஸ்பாரோவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் ஒரு சோதனையை 2018இல் வேறு குழு திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. எனவே 'போன் மூளையைக் கெடுக்கிறது' என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. வழி காட்டும் கருவி (ஜி.பி.எஸ்.) பற்றி 2020இல் வந்த கனடா ஆய்வு ஒன்றில், அதை அதிகம் நம்பிய ஓட்டுநர்களுக்கு இடம் பற்றிய நினைவு மற்றவர்களை விட அதிகமாகக் குறைந்திருந்தது. ஆனால் மூன்று வருடம் கழித்து மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் 13 பேர்தான். எனக்கு உறுதியாகத் தோன்றுவது இவ்வளவு: ஒரு நம்பரை விரலால் அழுத்தாதவருக்கு அது மனப்பாடம் ஆகாது. அதற்கு மருந்தும் எளிது. இரண்டு வாரம், மனைவிக்கும் அப்பாவுக்கும் பெயரைத் தொட்டு அழைக்காமல், பத்து எண்ணையும் அடித்து அழையுங்கள். முதல் நான்கு நாள் சீட்டைப் பார்த்து, பிறகு பார்க்காமல். ஐந்து ஐந்தாக வாய்விட்டுச் சொல்லி அடியுங்கள். பிள்ளைகளையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். நான்கு நம்பர் தலையில் இருந்தால் போதும், நானூறு வேண்டாம்.

அடுத்த ஞாயிறு ஒன்றில், கடை விடுமுறையாக இருக்கும்போது, காலை 10 மணிக்குப் போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டு மாலை 6 வரை வழக்கம்போல இருந்து பாருங்கள். வெளியே போங்கள், சாமான் வாங்குங்கள், பஸ் ஏறுங்கள். எது எது நின்றதோ ஒரு தாளில் குறியுங்கள். கேஸ் பதிவு, மின் கட்டணத் தேதி, பிள்ளையின் பள்ளி அறிவிப்பு என்று நாம் நினைக்காத இடத்தில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு வழி போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். முதல் நாள் சனிக்கிழமையே சரக்கு தருகிறவர்களுக்கும் அப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள். அழைத்து அழைத்து எடுக்காவிட்டால் அவர் பயந்துவிடுவார்.